சுத்தியின் சுவடும் புதிய வடிவமும்

சாங்விக்கு அண்மையில், புணே நகரின் கசபா பேட்டையில், செப்புக் கன்னார் வாழும் 'தாம்பட் ஆளி' என்னும் தெரு உளது. பேஷ்வாக்கள் காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்த தாம்பட் மரபினர் அங்குக் குடங்களும் வெந்நீர்ப் பாய்லர்களும் செய்துவந்தனர். கலத்தின்மீது வரிசையாகச் சுத்தியால் அடித்துக் குழி பதிக்கும் வேலை 'மட்டார்காம்' எனப்படும். இக்குழிகள் வெறும் அணி அல்ல. அடிக்க அடிக்கச் செம்பு இறுகுவதால் மெல்லிய தகடும் நெளியாது நிற்கிறது. செப்புக் கம்பியைப் பலமுறை வளைத்து, அது விறைப்பதை மாணவர்க்குக் காட்டலாம். பழுக்கக் காய்ச்சினால் மீண்டும் இளகும்.

எவர்சில்வர் பரவியபின் குடங்களுக்குத் தேவை குறைந்தது. இன்றைய வடிவமைப்பாளர்கள் இவ்வேலையைத் தட்டுகளிலும் விளக்குகளிலும் அமைக்கின்றனர். குழியின் தோற்றத்தை மட்டும் இயந்திரத்தால் அச்சிட்டால் அழகு எஞ்சும், தொழில் எஞ்சாது. கைவினைஞரின் சுத்திக்கு வேலை தருவதே நல்ல வடிவமைப்பாகும்.