சட்டைப் பையில் எது, டெக் ஜோனில் எது?

கேள்வி: சார், ரோடு சைக்கிளிலிருந்து மௌன்டன் பைக்குக்கு மாறி ஓராண்டு ஆகிறது. அடுத்த மாதம் என் முதல் கிராஸ் கன்ட்ரி போட்டி. ஒரு சுற்று 5 கிலோமீட்டர், மொத்தம் 5 சுற்று. எங்களோடு ஓட்டும் அண்ணன் ஒருவர், “ஒன்றும் எடுக்காதே, எல்லாம் வீண் பாரம்” என்கிறார். இன்னொருவர் டியூப், பம்ப், செயின் கட்டர் என்று பெரிய பட்டியலே தருகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகர், கோவை

பதில்: இருவரும் அவரவர் ஓட்டிய போட்டியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். நீங்கள் பொருட்களை ஒதுக்கிவிட்டு முதலில் தடத்தின் வரைபடத்தைப் பாருங்கள். வெளியாள் உதவி வாங்கக்கூடிய டெக் ஜோன் ஒரு சுற்றில் எத்தனை இடத்தில், எங்கெங்கே இருக்கிறது? சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ.யின் விதிப்படி ஜோனைத் தாண்டிய பிறகு தடத்தில் திரும்பி வர முடியாது, முன்னோக்கித்தான் போக வேண்டும். ஒரே ஜோன் என்றால், அதைக் கடந்த மறு நிமிடம் டயர் கிழிந்தாலும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு ஜோன் இருந்தால் அது பாதியாகும்.

அடுத்து 80 சதவீத விதி. முன்னணியில் இருப்பவர் முதல் சுற்றை 15 நிமிடத்தில் முடித்தால், அவரைவிட 12 நிமிடம் பின்தங்கியவரைப் போட்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். உங்கள் போட்டியில் இந்த விதி உண்டா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். பழகிய கை டியூப் மாற்ற 5 நிமிடம் ஆகும், மேட்டில் 5 கிலோமீட்டர் தள்ளுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். எதைத் தூக்கிச் செல்வது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது, கிராம் எடை அல்ல.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எலான்கூர் குன்றில் டாம் பிட்காக்குக்கு முன் டயர் போனது. டெக் ஜோன் வரை எப்படியோ ஓட்டி வந்து சக்கரத்தை மாற்றினார். ஏறக்குறைய 40 விநாடி பின்தங்கியவர் கடைசிச் சுற்றில் விக்டர் கோரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வென்றார். இதைச் சொல்லித்தான் “எதுவும் வேண்டாம்” என்கிறார்கள். ஆனால் அங்கே அவருக்கென்று மெக்கானிக்கும் உபரிச் சக்கரமும் இருந்தன. உங்களுக்காக யார் நிற்பார்கள்? யாரும் இல்லையென்றால் ஜோன் பக்கத்தில் இருந்தும் பயன் குறைவுதான்.

ஆகவே என் தீர்ப்பு: இரண்டு ஜோன், அங்கே நண்பர் ஒருவர், உபரிச் சக்கரம் எல்லாம் இருந்தால், பையில் மூன்றே பொருள் போதும். திரி ஏற்றிய பிளக் கருவி, 16 கிராம் சி.ஓ.2 குப்பி அதன் தலையோடு, செயின் கட்டரும் ஒரு குயிக் லிங்க்கும் உள்ள சின்ன மல்டி டூல். ஜோன் ஒன்றுதான், அல்லது ஆள் இல்லை என்றால் மெல்லிய பிளாஸ்டிக்கான டி.பி.யூ. டியூப் ஒன்றும் டயர் லீவர் ஒன்றும் சேருங்கள். பழைய ரப்பர் டியூப் 200 கிராம் வரும். டி.பி.யூ. அதில் பாதிகூட இல்லை, உள்ளங்கையில் அடங்கும்.

இவற்றில் பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போட்டியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான், சரியாகப் பயன்படுத்துவோர் குறைவு. டயரிலிருந்து, உள்ளே ஊற்றிய அடைப்புத் திரவமான சீலன்ட் பீய்ச்சினால் உடனே இறங்கிக் குத்தாதீர்கள். ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பிச் சில விநாடி பொறுங்கள். சீலன்ட் அங்கே தேங்கிச் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும். அடங்கவில்லையென்றால் திரியை நேராக உள்ளே அழுத்தி, பாதி வெளியே நிற்கும்படி கருவியை வெடுக்கென்று இழுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனையை வெட்ட வேண்டாம், ஓட்ட ஓட்டத் தேய்ந்துவிடும். இன்னும் காற்று சீறினால் அதே ஓட்டையில் இரண்டாவது திரி. அதன் பிறகு டயரை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓட்டும் அளவு காற்று இருந்தால் குப்பியைத் தொடாமல் கிளம்பிவிடுங்கள். ரிம்மை ஒட்டிய பக்கவாட்டுக் கிழிசலில் மட்டும் திரி நிற்பது கடினம்.

இது எல்லாவற்றுக்கும் டயருக்குள் சீலன்ட் ஈரமாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது சில மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். போட்டிக்கு முந்தைய வாரம் சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். தளும்பும் சத்தம் இல்லையென்றால் மறுபடி ஊற்றுங்கள். 29 அங்குல டயருக்கு 100 மில்லி அளவு நல்லது.

கேள்வி: நான் ஓட்டப்போவது 60 கிலோமீட்டர் மாரத்தான். இடையில் இரண்டு இடத்தில்தான் உதவி கிடைக்குமாம். இதற்கு என்ன கூடுதலாக வேண்டும்?
- வாசகி, ராமநாதபுரம்

பதில்: அம்மா, உங்கள் போட்டி வேறு வகை. அடுத்த உதவி 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, உடைந்தால் நடக்க வைக்கும் ஒவ்வொன்றுக்கும் உங்களிடமே விடை இருக்க வேண்டும்.

டியூப் கட்டாயம். அதை மாட்டும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டுங்கள். டியூப்லெஸ் டயரில் சீமைக்கருவேல முள் பத்து குத்தியிருந்தாலும் சீலன்ட் மறைத்துவிடும், உங்களுக்கே தெரியாது. டியூப் போட்ட அடுத்த நூறு மீட்டரில் அந்த முட்கள் வேலையைக் காட்டும். இன்னொன்று, டியூப்லெஸ் வால்வின் அடி நட்டை வீட்டில் கொறடு போட்டு இறுக்காதீர்கள். விரலால் இறுக்கினால்தான் காட்டில் விரலால் கழற்ற முடியும். டயர் நீளமாகக் கிழிந்தால் உள்ளே வைக்க, பழைய டயரின் பக்கவாட்டிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாய் நோட்டை மடித்து வைப்போர் உண்டு. டயர் துண்டு அதைவிடத் தாங்கும்.

செயின் அறுந்தால் வளைந்த கண்ணியைக் கட்டரால் நீக்கி, இரு முனையிலும் குறுகிய உள் கண்ணி நிற்கும்படி செய்து, குயிக் லிங்க்கால் இணைக்க வேண்டும். 12 ஸ்பீடு செயினுக்கு அதற்குரிய லிங்க்தான் பொருந்தும், 11 ஸ்பீடு லிங்க் ஆகாது. செயின் குட்டையாகிவிட்டதால் அதன்பின் பின்புறத்தின் பெரிய பல்சக்கரத்துக்குப் போகாதீர்கள். போனால் கியர் மாற்றும் டிரெய்லியரையே பிய்த்துவிடும்.

டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் பலரும் மறந்துபோவது. ஒரு பக்கமாக விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதன் சொந்த ஹேங்கர் இருப்பதால் கடையில் கிடைப்பது அரிது, உபரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த யு.டி.எச். என்ற பொது வடிவம் உங்கள் சைக்கிளில் இருந்தால் கவலை குறைவு. ஆனால் அதைக் கழற்ற 8 மி.மீ. எல்-கீ வேண்டும், சின்ன மல்டி டூல் பலவற்றில் அது இருக்காது. அதன் மரையும் எதிர்ப்பக்கம் திரும்புவது. வீட்டில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

மல்டி டூலிலும் அப்படித்தான். உங்கள் சைக்கிளில் உள்ள ஒவ்வொரு போல்ட்டிலும் அதைப் பொருத்திப் பாருங்கள். 4, 5, 6 மி.மீ. எல்-கீயும், டிஸ்க் போல்ட்டுக்கு டி25-ம் இருந்தால் பெரும்பாலும் போதும். சில ரேஸ் சைக்கிள்களில் சக்கரத்தின் ஆக்சிலைக் கழற்றவே எல்-கீ தேவை. அது இல்லாமல் டியூப் வைத்திருந்து பயனில்லை.

கேள்வி: சி.ஓ.2 குப்பியா, கைப்பம்ப்பா?
- வாசகர், ஓசூர்

பதில்: குறுகிய போட்டிக்குக் குப்பி, நீண்டதற்கு இரண்டும். 16 கிராம் குப்பி 29-க்கு 2.4 டயரில் சுமார் 20 பி.எஸ்.ஐ. தரும். ஓட்டிவிடலாம், ஆனால் ஒரே வாய்ப்புதான். ஓட்டையை அடைக்காமல் திறந்தால் அத்தனையும் காற்றோடு போகும். பம்ப்புக்கு அந்தக் கவலை இல்லை. குப்பியைத் திறக்கும்போது வால்வு மேல்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் வாயுவின் கடுங்குளிர் சீலன்ட்டை உறைய வைத்து வால்வை அடைக்கும். உலோகம் விரலைச் சுடுவதுபோல் உறைவதால் கையுறையோடு பிடியுங்கள். போட்டி முடிந்த இரவே சாதாரணக் காற்று நிரப்புங்கள், சி.ஓ.2 ரப்பர் வழியே சீக்கிரம் கசியும். வெளியூர்ப் போட்டிக்கு விமானத்தில் போவதானால், குப்பியைப் பற்றி விமான நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள்.

கேள்வி: எலக்ட்ரானிக் கியர் வைத்திருக்கிறேன். உபரி பேட்டரி வேண்டுமா?
- வாசகர், சேலம்

பதில்: முந்தின இரவு முழுதாக சார்ஜ் செய்தால் சுற்றுப் போட்டிக்கு வேண்டாம். கியர் ஸ்ராம் ஏ.எக்ஸ்.எஸ். ஆக இருந்து, சீட்டை ஏற்றி இறக்கும் ஏ.எக்ஸ்.எஸ். டிராப்பர் போஸ்ட்டும் இருந்தால் இரண்டிலும் ஒரே பேட்டரிதான். சீட்டின் பேட்டரியைக் கழற்றி கியருக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: டெக் ஜோனில் என்ன வைப்பது? கையில் இருப்பதை எங்கே கட்டுவது?
- வாசகர், குன்னூர்

பதில்: ஜோனில் முன், பின் சக்கரம், தரைப் பம்ப், செயின் எண்ணெய், கண்ணாடி, தண்ணீர். உபரிச் சக்கரத்தை முந்தின நாளே உங்கள் சைக்கிளில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் அளவும் கேசட்டும் ஒத்துப்போனாலும், டிஸ்க் ஒரு மயிரிழை தள்ளியிருந்தால் பிரேக் பேடில் உரசிச் சுற்று முழுவதும் உங்களைப் பிடித்து இழுக்கும். ஹப்பில் மெல்லிய வாஷர் வைத்துச் சரிசெய்ய மெக்கானிக்குக்குத் தெரியும். சைக்கிளையே மாற்றிக்கொள்ள யு.சி.ஐ. விதியில் இடமில்லை.

பொருட்களை ஜெர்சியின் நடுப் பையில் போடாதீர்கள். மல்லாந்து விழுந்தால் இரும்பு நேராக முதுகெலும்பில் இறங்கும். டியூபையும் குப்பியையும் சீட்டுக்கு அடியிலோ ஃப்ரேமிலோ பட்டையால் இறுகக் கட்டுங்கள். டியூபை உறையில் சுற்றிக் கட்டினால் உராய்ந்து ஓட்டையாகாது. பிளக் மட்டும் ஒரு கையால் உடனே எட்டும் இடத்தில் இருக்கட்டும்.