பாய்தேவின் தறி

நம் நாட்டின் வடகிழக்கில் அஸ்ஸாம் மாநிலம் இருக்கிறது. பிரம்மபுத்திரா என்ற பெரிய ஆறு அங்கே ஓடுகிறது. அம்மாநிலக் கிராமங்களில் பல வீடுகளில் ஒரு தறி இருக்கும். பெண்கள் வீட்டு வேலை முடிந்ததும் தறியில் உட்கார்வார்கள். வீட்டுக்கு வேண்டிய துணியைத் தாங்களே நெய்வார்கள். 2019-20ஆம் ஆண்டின் கைத்தறிக் கணக்கெடுப்பிலும் கைத்தறிக் குடும்பங்கள் மிகுதியாக உள்ள மாநிலம் அஸ்ஸாம்தான்.

அப்படி ஒரு கிராமம். அங்கே ஒரு பெண். ஊரில் எல்லோரும் அவரைப் ‘பாய்தேவ்’ என்று அழைப்பார்கள். ‘அக்கா’ என்று பொருள். அவருக்கு வயது 45. நெசவு அவருடைய தொழில் அல்ல. அவர் குடும்பத்துக்குச் சோறு போடுவது வயல்தான். ஆனால் தறியில் உட்காராத நாள் அவருக்கு நாளே இல்லை.

அது பங்குனி மாதம். பிகு பண்டிகைக்கு இன்னும் 12 நாட்களே இருந்தன. பிகு அன்று பெரியவர்களுக்குக் கமோசா கொடுத்து வணங்குவார்கள். கமோசா என்பது வெள்ளைத் துணி. அதற்குச் சிவப்புக் கரை உண்டு. ஒரு முனையில் சிவப்பு நூலால் பூ வேலை இருக்கும். விருந்தாளிக்கும் அதைப் போர்த்தி மரியாதை செய்வார்கள்.

பாய்தேவ் விடியற்காலையில் எழுந்தார். வாசல் பெருக்கினார். மாட்டுக்குத் தீனி வைத்தார். சமைத்தார். பிறகு தறிக்குப் போனார். அறுந்திருந்த இரண்டு பாவு நூல்களை முடிந்தார். தார் சுற்றி நாடாவில் வைத்தார். மூங்கில் குச்சிகளால் பாவு நூலைத் தூக்கினார். இடையில் சிவப்பு நூலைச் செலுத்தினார். ஒரு பூ மலர்ந்தது. தம் தாயிடம் கற்ற பூ அது.

பிற்பகலில் நெசவுப் பெண்கள் சங்கத்தின் கூட்டம். சங்கத்தில் 12 பேர். பாய்தேவ்தான் தலைவி. நகரத்துக் கடை ஒன்று 100 கமோசா கேட்டிருந்தது. பெண்கள் கணக்குப் பார்த்தார்கள்.

ஒருவர் 3 கமோசா நெய்யலாம். 12 பேர் நெய்தால் 36. மீதி 64க்கு என்ன செய்வது?

அப்போது ஒரு வியாபாரி வந்தார். ஒரு மூட்டையைப் பிரித்தார். உள்ளே 64 கமோசாக்கள். எல்லாம் விசைத்தறியில் நெய்தவை.

“உங்கள் துணியோடு இவற்றையும் சேர்த்துக் கடைக்கு அனுப்புங்கள். சங்க முத்திரை இருந்தால் போதும். ஒரு துணிக்கு 30 ரூபாய் சங்கத்துக்குத் தருகிறேன்” என்றார்.

64 துணிக்கு 1,920 ரூபாய். நூல் கடையில் சங்கத்துக்கு 1,800 ரூபாய் கடன் இருந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“பாய்தேவ், வாங்கிக்கொள்வோம். கடன் தீர்ந்துவிடும்” என்றாள் ஓர் இளம்பெண்.

வியாபாரி ஒரு காகிதத்தை நீட்டினார். கையெழுத்து போடச் சொன்னார். முன்பெல்லாம் பாய்தேவ் கைநாட்டு வைப்பார். யார் எதைக் காட்டினாலும் வைப்பார். இரண்டு ஆண்டுகளாக இரவு வகுப்பில் படித்திருந்தார். காகிதத்தைக் கையில் வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

‘இந்த 100 துணிகளையும் எங்கள் உறுப்பினர்களே கைத்தறியில் நெய்தார்கள்’ என்று அதில் இருந்தது.

“ஐயா, இது பொய். பொய்க்குக் கீழே என் பெயரை எழுத மாட்டேன்” என்றார் பாய்தேவ்.

வியாபாரி மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்.

இளம்பெண்ணின் முகம் வாடியது. பாய்தேவ் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். “தங்கச்சி, உனக்குக் கடனைப் பற்றிக் கவலை. எனக்கும்தான். ஆனால் கடைக்காரர் நம் முத்திரையை நம்பி வாங்குகிறார். அவர் ஒருமுறை ஏமாந்தால், அடுத்த ஆண்டு நம் கையால் நெய்ததையும் நம்ப மாட்டார்” என்றார்.

சட்டமும் பாய்தேவ் பக்கம்தான். கைத்தறிக்கு ஒதுக்கிய துணிகளை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று 1985இல் சட்டம் வந்தது. விசைத்தறிக் கமோசாவின் விற்பனைக்கு அஸ்ஸாம் அரசு 2023இல் தடை போட்டது. அஸ்ஸாம் கமோசாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2022இல்.

பிறகு கடனைப் பற்றிப் பேசினார்கள். ஆளுக்கு 50 ரூபாய் போட்டார்கள். 600 ரூபாய் சேர்ந்தது. அதை நூல் கடையில் கட்டுவது, மீதி 1,200 ரூபாயைப் பிகு முடிந்ததும் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். ‘36 துணி மட்டுமே தர முடியும்’ என்று கடைக்குக் கடிதம் எழுதினார்கள். இளம்பெண்தான் எழுதினாள். 12 பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மாலையில் பாய்தேவ் நாம்கருக்குப் போனார். அது ஊரார் கூடி வழிபடும் இடம். இரவு சாப்பாடு முடிந்தது. மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். இந்தத் துணி விற்பதற்கு அல்ல. தம் மாமியாருக்கு. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு பூவைப் பிரித்து மறுபடியும் நெய்தார். அவருக்கு ஓய்வும் அதுதான்.

சிந்திப்போம்

1. வியாபாரி கேட்டபடி செய்திருந்தால் சங்கத்துக்கு என்ன லாபம்? என்ன நஷ்டம்?
2. கையெழுத்துப் போடும் முன் என்ன செய்ய வேண்டும்?
3. ஒருவர் 4 கமோசா நெய்தால், 12 பேர் எத்தனை நெய்வார்கள்?
4. உங்கள் ஊரில் கையால் செய்யும் பொருள்கள் எவை? அவற்றைச் செய்பவர்களுக்குச் சங்கம் உண்டா?