பருத்திக்கு வந்தவர் பார்த்த பூக்கள்

அன்புள்ள கண்ணு,

ஆர்க்கிட் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், பனியன் கம்பெனி ஊரில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பருத்தியிலேயே தொடங்கு.

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1842-இல் அமெரிக்கப் பருத்தியை விளைவித்துப் பார்க்கக் கோயம்புத்தூருக்கு அனுப்பப்பட்டார். உன் திருப்பூரும் அப்போது அந்த மாவட்டம்தான். பருத்தி பெரிதாக எடுபடவில்லை. மனிதருக்கோ காட்டுச் செடிகள் மீது பித்து. 1853-இல் ஊர் திரும்புவதற்குள் 2,101 படங்களோடு ஒரு தாவர நூல் வரிசையை முடித்துவிட்டார். ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் அவருக்காக வரைந்தார்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்றே பெயர் வைத்தார் வைட். சம்பளத்துக்கு வரைந்தவரை இப்படி மதித்த துரைமார் குறைவு. ஆனால் அது ஏற்கெனவே ‘ட்ரோபிடியா’ என்று பெயர் பெற்ற பேரினம்தான் என்று பின்னால் தெரிந்தது. முந்திய பெயரே செல்லும் என்பது வகைப்பாட்டின் விதி. கோவிந்துவின் பெயர் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

ஆர்க்கிட்களை வகை பிரிக்க நிறம் உதவாது. ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒட்டி வளர்ந்த நடுத்தூணைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மகரந்தப்பை ஒன்றே. மகரந்தம் தூளாக உதிராமல் கட்டியாகப் பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். செருப்பு ஆர்க்கிட்களில் பை இரண்டு. அந்தப் பூவின் உதடு ஒரு பொறி. உள்ளே விழுந்த பூச்சிக்குத் தேனும் இல்லை, வழுக்குவதால் வந்த வழியே ஏறவும் முடியாது. பின்பக்க இடுக்கில் நுழைந்து வெளியேறும்போது முதலில் சூல்முடியை, பிறகு மகரந்தத்தை உரசும். அதே பூச்சி அடுத்த பூவிலும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும்.

தென்னிந்தியக் காடுகளில் செருப்பு ஆர்க்கிட் ஒன்றே ஒன்றுதான்: பாஃபியோபெடிலம் ட்ரூரியை. 1865-இல் கர்னல் ட்ரூரி தென்கோடி மலைகளில் கண்டெடுத்தது. மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு. அகத்தியமலையில் மட்டும் வளரும் இதை ஆசைப்பட்டவர்கள் வேரோடு பெயர்த்தே அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள். இன்று சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆய்வகக் குடுவையில் சர்க்கரை ஊட்டி ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கவும் முடியும். காட்டில் அந்தத் தூசு போன்ற விதைக்குக் கையிருப்பு உணவு இல்லை என்றே சொல்லலாம். உரிய பூஞ்சை சோறு போட்டால்தான் முளைக்கும். பூஞ்சையும் பூச்சியும் இல்லாத இடத்தில் நாற்றை நட்டு என்ன பயன்?

உடுமலைக்கு மேலே ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி உன் மாவட்டத்திலேயே இருக்கிறது. பள்ளியில் அழைத்துப்போனால், கிளையில் பூத்த ஆர்க்கிட்டைப் பறிக்காமல் பக்கவாட்டில் ஒரு படம், தூண் தெரிய நேராக ஒரு படம் எடு. மரத்தின் பெயரையும் தேதியையும் எழுதி அனுப்பு. பெயர் கண்டுபிடிப்பதைச் சேர்ந்தே செய்வோம்.

அன்புடன்,
சித்தப்பா