அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடி

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்பது நம் முன்னோர் மொழி. காலந்தாழ்த்துவதன் கேட்டை உணர்த்த எழுந்த இப்பழமொழியை, இன்று கண்ணைப் பற்றிய பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

நம் இல்லங்களிலே முதிய பெண்மணிகள் பலர் வாசிப்பதையும் தைப்பதையும் மெல்ல மெல்லக் கைவிடுகின்றனர். "வயது போய்விட்டது, பிள்ளை" என்று அவர்கள் கூற, நாமும் அதனை ஏற்றுக்கொள்கின்றோம். பல வேளைகளில் அவர்களுக்குத் தேவையானது பொருத்தமான ஒரு மூக்குக்கண்ணாடியே. அதனைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

வெள்ளெழுத்து

நம் கண்ணினுள்ளே ஒரு வில்லை உண்டு. அருகிலுள்ள பொருளை நோக்கும்போது அது தடித்து, ஒளியைக் குவிக்கின்றது. அகவை ஏற ஏற அவ்வில்லை விறைப்படைகின்றது. நாற்பது அகவையளவில் சிறிய எழுத்துக்கள் மங்கத் தொடங்குகின்றன. இக்குறையைத் தமிழர் வெள்ளெழுத்து என்றனர். சாளேசரம் என்றும் வழங்குவர். சாளேசரம் என்பது நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற வடபுலச் சொல்லின் வழி வந்தது. நோயின் பெயரிலேயே அகவை அமைந்திருப்பதைக் காண்க.

தமிழ் எழுத்தில் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளி தெரியாவிடின் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். கதை வாசிப்பவர் ஊகித்து அறிந்துகொள்வார். ஆனால் மருந்துக் குப்பியில் 3 உம் 8 உம் ஒன்றுபோலத் தோன்றினால் ஊகித்தல் ஆபத்தாகும்.

ஒரு நாளும் பல தூரங்களும்

அம்மம்மாவின் ஒரு நாளை நோக்குவோம். காலையில் மாத்திரைப் பெட்டி, பின்னர் நாட்காட்டி, சமையலறையிலே கீரை ஆய்தல், பிற்பகலில் ஊசியில் நூல் கோத்தல், மாலையில் தொலைக்காட்சி, கோவிலுக்குப் புறப்பட்டால் பேருந்தின் இலக்கம், வீடெங்கும் மாடிப்படிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் உள்ளது.

இங்கே சிறிய கணக்கொன்று உதவும். வில்லையின் வலுவை டயோப்டர் என்னும் அலகால் அளப்பர். 1 ஐ, மீற்றரில் அளந்த குவியத் தூரத்தால் வகுத்தால் வலு கிடைக்கும். தூரப்பார்வையில் குறையில்லாத, ஆயினும் அருகே குவிக்கும் ஆற்றலை முற்றாக இழந்த கண்ணுக்கு 40 சென்ரிமீற்றரில் வாசிக்க +2.50 வேண்டும், 50 சென்ரிமீற்றரில் கீரை ஆய +2.00 போதும். +2.50 வில்லையுடன் தொலைக்காட்சியை நோக்கினால் அது மங்கும். ஆகவே "எந்தக் கண்ணாடி நல்லது?" என்று கேட்பதற்கு முன், "எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டல் வேண்டும்.

கண்ணாடி வகைகள்

வாசிப்புக் கண்ணாடி அருகிலுள்ள வேலைக்கு மட்டும் உரியது. கடையில் ஆயத்தமாக விற்பனையாகும் கண்ணாடிகளில் இரு வில்லைகளும் ஒரே வலுவுடையவை; இரு கண்களும் வேறுபட்டிருந்தால் அவை பொருந்தா. பைபோகல் கண்ணாடியில் மேற்பகுதி தூரத்துக்கும் கீழ்ப்பகுதி அருகுக்கும் உரியன. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இத்தகைய கண்ணாடி பற்றி 1785 இல் ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். வேரிபோகல் கண்ணாடியில் வலு மேலிருந்து கீழே படிப்படியாக மாறும். பழகச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை செல்லலாம்.

பின்னிரண்டிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. படியிறங்கும்போது கீழ்ப்பகுதியினூடாக நோக்கினால் படியின் விளிம்பு மங்கும், கால் இடறும். தலையைத் தாழ்த்தி மேற்பகுதியினூடாகவே நோக்குதல் வேண்டும். வெளியே அதிகம் நடப்பவருக்குத் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி இருப்பதும் நன்று.

பரிசோதனையின்போது

இங்கிலாந்தில் 60 வயது நிறைந்தோருக்குக் கண் பரிசோதனை இலவசம். பரிசோதனை முடிந்ததும் கண்ணாடிக்கான அளவுச்சீட்டைக் கேட்டுப் பெறலாம்; அதனைக்கொண்டு விரும்பிய கடையில் கண்ணாடி வாங்கலாம். ஆங்கில எழுத்து அறியாதோருக்கெனத் திசை காட்டும் அட்டையும் உண்டு. கோடுகள் எப்பக்கம் நோக்குகின்றன என்று கையாற் காட்டினால் போதும்.

ஆயினும் நம்மவரின் பணிவே இங்கு தடையாகின்றது. "இது தெளிவா, அது தெளிவா?" என்று பரிசோதகர் கேட்கும்போது, அவருக்குத் தொல்லை கொடுக்கலாகாதென்று "எல்லாம் நல்லதுதான்" என்று அம்மம்மா சொல்லிவிடுவார். அந்த மறுமொழியால் தவறான வலு அமைந்துவிடலாம். மொழிபெயர்க்கச் செல்லும் மாணவரே, அவருக்காக நீர் விடை சொல்லாதீர். "இதில் சரி பிழை இல்லை, தெரிவதைச் சொல்லுங்கோ" என்று முன்னரே தமிழில் விளக்குவீர். அவர் வழக்கமாக வாசிக்கும் தமிழ் நூலொன்றையும் ஊசியையும் நூலையும் உடன் கொண்டுசெல்வீர். நீர் இப்பள்ளியில் கற்ற தமிழுக்கு இதனினும் பெரிய பயன் வேறென்ன?

கண்ணாடியால் தீராதவையும் உண்டு. நீரிழிவில் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையின் அளவும் மாறக்கூடும்; அது நிலைப்பட்ட பின்னரே கண்ணாடி செய்வித்தல் நன்று. கண்புரை முற்றினால் சத்திர சிகிச்சையே வழி. திடீரெனப் பார்வை மறைந்தாலோ ஒளிக்கீற்றுகள் தோன்றினாலோ தாமதியாது மருத்துவ உதவி நாடுதல் வேண்டும்.

பயிற்சி

1. 'வெள்ளெழுத்து', 'சாளேசரம்' ஆகிய சொற்களின் பொருளை எழுதுக.
2. தூரப்பார்வையில் குறையில்லாத முதியவர் 33 சென்ரிமீற்றரில் ஊசி கோக்க ஏறக்குறைய எவ்வளவு வலு வேண்டும்?
3. உம் இல்லத்து முதியவர் ஒரு நாளில் பார்க்கும் பொருட்களையும் அவற்றின் தூரங்களையும் அளந்து பட்டியலிடுக. அடுத்த பரிசோதனைக்கு அப்பட்டியலைக் கொண்டுசெல்க.