தலமரக் கனிகள் உணர்த்தும் நலவாழ்வு

திருக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் வெறுங்கையுடன் செல்வதில்லை. தேங்காய், வாழைப்பழம், எலுமிச்சை, அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும் கனி என இயன்றதை அருச்சனைத் தட்டில் ஏந்திச் செல்கின்றோம். இறைவன் திருமுன் படைக்கப்பெற்ற அக்கனிகள் பிரசாதமாக நம் கைக்கே திரும்பி வருகின்றன. வீட்டிற்கு வந்தபின் அவற்றின் நிலை யாது? பல இல்லங்களில் அவை பூசை அறையிலேயே இருந்து கறுத்துப் போகின்றன. பிள்ளைகள் கடையில் வாங்கிய பொட்டலத் தின்பண்டங்களை உண்கின்றனர். பெரியவர்கள் சோர்வு நீங்க விலையுயர்ந்த சத்துமாவினைத் தேடுகின்றனர். கையில் உள்ள கனியின் அருமையை நாம் மறந்துவிட்டோம். அதனை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரமே தெய்வம், கனியே பிரசாதம்

நம் முன்னோர் கனி தரும் மரங்கள் பலவற்றைத் தலமரங்களாகப் போற்றினர். காஞ்சிபுரம் அருள்மிகு ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் தலமரம் மா. அதன் நான்கு கிளைகளும் நான்கு வகைச் சுவையுடைய கனிகளைத் தரும் என்பது தலமரபு. திருவானைக்காவின் தலமரம் வெண்ணாவல். நாவலைக் குறிக்கும் ஜம்பு என்னும் சொல்லால் இறைவன் ஜம்புகேசுவரர் எனப்பெற்றார். திருக்குற்றாலத்தின் தலமரமாகிய குறும்பலாவிற்குத் திருஞானசம்பந்தப் பெருமான் தனிப்பதிகமே அருளியுள்ளார். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருப்பைஞ்ஞீலி, ஞீலி என்னும் வாழை வகையால் பெயர் பெற்றது. திருவாரூர் மாவட்டத்துத் திருநெல்லிக்கா, நெல்லிச் சோலையால் பெயர் பெற்றது.

இக்கனிகள் எவையும் செல்வர்க்கு மட்டுமே உரியவை அல்ல. நம் மண்ணில் விளைந்து, அந்தந்தப் பருவத்தில் ஏழை எளியவரும் வாங்கும் விலையில் கிடைப்பவை.

நெல்லி

கனிகளுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது நெல்லி. அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு அளித்த வரலாற்றினைப் புறநானூறு வழியாக நாம் அறிவோம். நீண்ட வாழ்நாளுக்கு உரிய கனி என்று அக்காலத்திலேயே நெல்லி மதிக்கப்பெற்றது.

இன்றைய ஊட்டச்சத்து அறிவியலும் நெல்லியின் சிறப்பினை உறுதி செய்கின்றது. 100 கிராம் நெல்லிக்கனியில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் வைட்டமின் 'சி' உள்ளது. இஃது ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்காகும். வளர்ந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 80 மில்லிகிராமும், பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வரையறுத்துள்ளது. நல்ல பருமனுள்ள நெல்லிக்கனி ஒன்றே ஒரு நாளைய தேவையைப் பெரும்பாலும் நிறைவு செய்துவிடும்.

வைட்டமின் 'சி' ஈறுகளையும் தோலையும் உறுதியாக வைக்கின்றது. புண் விரைவில் ஆறத் துணை செய்கின்றது. இவற்றினும் மேலாக நம் பெண்மக்கள் அறிய வேண்டிய பயன் ஒன்று உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தினை நம் உடல் எளிதில் ஏற்பதில்லை. பெரும்பகுதி வீணாகக் கழிந்துவிடுகின்றது. அவ்வுணவோடு வைட்டமின் 'சி' சேருமாயின், இரும்புச்சத்து உடலில் சேரும் அளவு உயர்கின்றது.

இது சிறிய செய்தி அன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். நம் இல்லங்களில் இரு பெண்களுள் ஒருவர் என்றே கொள்ளலாம். படி ஏறினால் மூச்சு வாங்குதல், ஓயாத சோர்வு, தலைசுற்றல், முகம் வெளிறுதல் ஆகியவற்றை வேலைக் களைப்பு என்று கருதி அவர்கள் பொறுத்துக்கொள்கின்றனர். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்மார்களின் வழக்கமும் இக்குறையைப் பெருக்குகின்றது.

துவாதசிப் பாரணை காட்டும் வழி

ஏகாதசி விரதம் இருப்போர் மறுநாள் துவாதசியன்று அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகியவற்றைச் சேர்த்துப் பாரணை செய்வது வழக்கம். கார்த்திகை மாத வளர்பிறைத் துவாதசியில் துளசி மாடத்தில் நெல்லிக் கொம்பினை நட்டு வழிபடுவோரும் உளர். பாரணை இலையைச் சற்றே உற்று நோக்குவோம். அகத்திக்கீரையில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உள்ளன. நெல்லியில் வைட்டமின் 'சி' உள்ளது. கீரையின் இரும்பினை உடலில் சேர்க்கும் துணைப்பொருள் அதே இலையில் வைக்கப்பெற்றுள்ளது. வேதியியல் நோக்கில் இவ்வழக்கம் தோன்றியதெனக் கூற வேண்டுவதில்லை. ஆயினும் அனுபவத்தால் அமைந்த இவ்விணைப்பு இன்றைய அறிவியலோடு பொருந்தி நிற்கின்றது.

மாதம் இருமுறை மட்டும் மேற்கொள்ளும் இம்முறையை நாள்தோறும் பின்பற்றினால் என்ன? கீரைக் கூட்டுடன் நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடி வைக்கலாம். நெல்லி கிடைக்காத நாளில், சமைத்து இறக்கிய கீரையின்மேல் எலுமிச்சைச் சாறு பிழியலாம். அடுப்பில் கொதிக்க வைத்தால் வைட்டமின் 'சி' குறையும் என்பதால், இறக்கியபின் பிழிதலே முறை. உணவு உண்டவுடன் தேநீர், காப்பி அருந்துதல் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துதல் நன்று.

ஏனைய கனிகள்

மா: மாங்கனி என்றவுடன் காரைக்கால் அம்மையாரின் திருவரலாறு நினைவிற்கு வரும். காரைக்காலில் ஆனி மாதம் நிகழும் மாங்கனித் திருவிழாவில் அன்பர்கள் மாங்கனிகளை வீசி வேண்டுதலை நிறைவேற்றுவர். மாம்பழத்தின் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான கரோட்டின், உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறிக் கண்பார்வைக்குத் துணை நிற்கின்றது. பப்பாளிக்கும் இப்பயன் உண்டு. கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தல் சட்டத்தால் தடை செய்யப்பெற்றது. ஆதலின் நம்பகமான இடத்தில் வாங்கி, ஓடும் நீரில் நன்கு கழுவியபின் உண்ணுதல் வேண்டும்.

நாவல்: பழமுதிர்சோலையில் முருகப்பெருமான் ஔவையாரை நோக்கிச் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று வினவிய கனி இது. துவர்ப்பும் இனிப்பும் கலந்தது. இதன் கருநீல நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் அமைவது. நாவற்கொட்டைத் தூள் நீரிழிவிற்கு நெடுங்காலமாக வழங்கி வரும் மருந்து. எனினும் அதனை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துதல் பெருந்தீங்காய் முடியும்.

பலா: நார்ச்சத்து மிக்கது. பலாக்கொட்டையை எறிந்துவிடாது வேகவைத்துக் குழம்பிலும் பொரியலிலும் சேர்க்கலாம். பலாப்பிஞ்சு சிறந்த கறியாகும். பழம் இனிப்பு மிகுந்தது என்பதால் சில சுளைகளோடு நிறுத்திக்கொள்ளுதல் நலம்.

வாழை: ஆண்டு முழுதும் கிடைப்பது. களைத்தவருக்கு உடனே ஆற்றல் தருவது. பொட்டாசியம் என்னும் தாதுப்பொருள் உடையது. பழம் மட்டுமன்றித் தண்டு, பூ, காய் ஆகிய அனைத்தும் உணவாகும். தண்டிலும் பூவிலும் உள்ள நார்ச்சத்து மலச்சிக்கலைத் தடுக்கும். பழனித் திருத்தலத்துப் பஞ்சாமிர்தத்தின் அடிப்படையும் வாழைப்பழமே. அப்பஞ்சாமிர்தம் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

வில்வம்: சிவபெருமானுக்கு உகந்த இலை தரும் மரம். முற்றிப் பழுத்த வில்வப்பழத்தின் சதை மலத்தை இளக்கும். கோடைக்காலத்தில் பானகமாகவும் பருகுவர். காயாக உலர்த்திய சதையினை வயிற்றுப்போக்கிற்கு வழங்குவது நம் நாட்டு மருத்துவ மரபு. ஆனால் வயிற்றுப்போக்கின்போது உயிரைக் காப்பது, இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்தலே. மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொடியை, உறையில் குறித்த அளவு நீரில் கரைத்து முதலில் கொடுத்தல் வேண்டும். குழந்தை சோர்ந்து துவண்டால் சிறிதும் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

அளவும் மருத்துவரும்

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் 'மருந்து' என்பது. அதில் மூலிகைகளின் பட்டியலைக் காண இயலாது. பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியவை: முன் உண்டது செரித்தபின் உண்க, பசித்து உண்க, உடலுக்கு ஒவ்வாததை விலக்குக, அளவறிந்து உண்க. இறுதி மூன்று குறட்பாக்கள் நோயை ஆராய்தல், காலம் அறிதல், மருத்துவன், மருந்து முதலியன பற்றியவை. உணவு முதலில், மருத்துவம் அடுத்து. இரண்டும் ஒரே அதிகாரத்தில் உள்ளன. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுதல் வள்ளுவர் நெறி அன்று.

ஆதலின் இரத்தசோகை மிகுந்தவர் நெல்லியை மட்டும் நம்பி இருத்தல் கூடாது. இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் கூறும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்ளுதல் வேண்டும். நெல்லியும் எலுமிச்சையும் அம்மாத்திரைக்குத் துணையாகுமேயன்றி அதற்கு மாற்றாகா. கருவுற்ற தாய்மார் இதில் மிகுந்த கருத்துச் செலுத்துதல் வேண்டும்.

நன்மை தரும் கனியும் சிலருக்கு ஒவ்வாது போதல் உண்டு. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றின் பொட்டாசியம் தீங்கு செய்யக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ணுதல் வேண்டும். நட்சத்திரப் பழத்தினை அவர்கள் அறவே விலக்க வேண்டும். நீரிழிவு உடையோர் பஞ்சாமிர்தத்தினைப் பிரசாதமாகத் துளி அளவே கொள்ளுதல் தகும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எப்பொருளையும் நாவில் தடவுதலும் ஆகாது. தேனில் சில வேளைகளில் கலந்திருக்கும் நுண்கிருமி அவ்வயதுக் குழந்தைக்குக் கொடிய நோயைத் தரவல்லது. இறைவனின் பிரசாதத்தைக் குழந்தையின் பொருட்டுப் பெற்றோர் உண்டாலும் அருள் குறையாது.

நாள்தோறும் கைக்கொள்ள வேண்டியவை

1. வளர்ந்தவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 100 கிராம் பழமும், கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகின்றது. நடுத்தர வாழைப்பழம் ஒன்று, அல்லது கொய்யாப்பழம் ஒன்று பழத்தின் அளவிற்குப் போதுமானது.

2. பழத்தைப் பிழிந்து சர்க்கரை சேர்த்துச் சாறாகப் பருகுவதினும், நாரோடு மென்று உண்ணுதலே சிறப்பு.

3. பருவத்தில் விளைவதை வாங்குக. அது விலை குறைவு, சுவை மிகுதி.

4. பிரசாதமாகப் பெற்ற கனியை அன்றே குடும்பத்தினர் அனைவரும் பகிர்ந்து உண்க. முதல் துண்டினை வீட்டின் தாய்க்கும் பெண்மக்களுக்கும் கொடுங்கள்.

5. வீட்டில் இடம் உள்ளவர்கள் ஒரு நெல்லியோ, எலுமிச்சையோ, வாழையோ, முருங்கையோ நட்டு வளர்க்கலாம். தலமரத்தை வலம் வருவதைப் போன்றே மரம் வளர்த்தலும் வழிபாடுதான்.

புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளியுள்ள இறைவன், வைத்தியநாதர் என்றே திருநாமம் கொண்டுள்ளார். அங்குத் தலமரம் வேம்பு. மரத்தையும் மருத்துவத்தையும் இறைவன் ஒருங்கே ஏற்று நிற்கும் திருக்காட்சி அது. அவன் தந்த கனியை அளவோடு உண்போம். நோயுற்ற காலத்தில் அவனை வணங்கி, தக்க மருத்துவரையும் நாடுவோம். அதியமான் அரிய கனியைத் தான் உண்ணாது பிறருக்கு ஈந்தான். நாமும் அடுத்த முறை அருச்சனைத் தட்டிலிருந்து ஒரு கனியை எடுத்து, நம் இல்லத்தில் யாருக்கு அது முதலில் தேவை என்று எண்ணிப் பார்த்துக் கொடுப்போம்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். அனைவருக்கும் அச்செல்வம் வாய்க்க எல்லாம்வல்ல இறைவன் அருள் புரிவானாக.