பஸ் பாஸுக்கு முன்னாடி யுடிஐடி கார்டைப் பாருங்க!

மார்ச் மாதம் வந்தாலே மாற்றுத்திறனாளிகள் பலருக்கும் ஒரு வேலை காத்திருக்கும். கட்டணமில்லா பஸ் பாஸைப் புதுப்பிக்கணும். ராயகிரியில் இருந்து சங்கரன்கோவிலுக்கோ தென்காசிக்கோ வாரம் ரெண்டு தடவை சிகிச்சைக்குப் போறவங்களுக்கு, பாஸ் நின்னுபோனா ஒவ்வொரு பயணமும் கைக்காசுதான். செலவுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடும் நிலைகூட வரலாம்.

ஆனா பாஸ் புதுப்பிக்கிறதில் வரும் சிக்கல் பல நேரம் பாஸில் இருக்காது. அதற்கு அடிப்படையான மருத்துவச் சான்றிதழின் காலம் முடிஞ்சிருக்கும். அதனால் அதை முதலில் பாருங்க.

எந்த அலுவலகம்?

பேரூராட்சி அலுவலகத்தில் இந்த பாஸ் தர்றதில்லை. தென்காசியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் இதற்குப் பொறுப்பு. ஊனத்தின் அளவைச் சான்றளிப்பது அரசு மருத்துவர்கள்.

பேரூராட்சிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் 2025-ல் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. பேரூராட்சிகளும் இதில் அடக்கம். நம்ம ஊரிலேயே முகாம் நடத்தக் கேட்பது போன்ற கோரிக்கைகளை மன்றத்துக்குக் கொண்டுபோக இது ஒரு வழி.

முதல் படி: கார்டில் தேதி இருக்கா?

யுடிஐடி என்பது 18 எழுத்து, எண்கள் கொண்ட தனித்துவ அடையாள அட்டை. நிரந்தரச் சான்றிதழ் என்றால் மறுபரிசோதனை தேவையில்லை. தற்காலிகச் சான்றிதழ் என்றால் காலாவதித் தேதி இருக்கும். குழந்தைகளுக்கும், நிலை மாறக்கூடிய குறைபாடுகளுக்கும் பெரும்பாலும் தற்காலிகம்தான்.

தேதி நெருங்கினால் மத்திய அரசின் ‘ஸ்வாவ்லம்பன் கார்டு’ இணையதளத்தில் புதுப்பித்தலுக்கு விண்ணப்பிக்கலாம். முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கோங்க. மருத்துவப் பரிசோதனைக்கு நேரில்தான் போகணும். போனில் செய்யச் சிரமமா இருந்தா இ-சேவை மையத்தில் உதவி கேளுங்க.

கார்டின் நிறமும் கவனிக்க வேண்டியது. 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். பயணச் சலுகைகளுக்கு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்கணும்.

இரண்டாம் படி: எந்த பஸ்ஸுக்கு எது?

• சாதாரண கட்டண நகரப் பேருந்து: 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும், உடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் கட்டணமில்லை. அடையாள அட்டை கையில் இருக்கணும்.

• வெளியூர் அரசுப் பேருந்து: அடையாள அட்டையைக் காட்டினால் மாநிலத்துக்குள் 75 சதவீதச் சலுகை. கால்பங்கு கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும்.

• மருத்துவமனை, பள்ளி, பயிற்சி மையம், வேலைக்குத் தினமும் அல்லது அடிக்கடி போறவங்க: இவங்களுக்குத்தான் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணமில்லா பாஸ்.

பாஸுக்கு அடையாள அட்டை, ஆதார், புகைப்படம் இவற்றோடு, எங்கே போறீங்க என்பதற்கு அந்த மருத்துவமனையோ பள்ளியோ தரும் சான்றும் வேணும். பலரும் மறப்பது இந்தக் கடைசிச் சான்றைத்தான். பழைய பாஸின் காலத்தை அரசு நீட்டிக்கும் ஆண்டுகளும் உண்டு. அறிவிப்பு வரும்வரை பழைய பாஸைத் தூக்கிப் போடாதீங்க.

ரயிலுக்குத் தனி அட்டை

பஸ் பாஸும் யுடிஐடியும் இருந்தாலும் ரயில் சலுகைக்கு ரயில்வேயின் ‘திவ்யாங்ஜன்’ அடையாள அட்டை தனியா வாங்கணும். துணையின்றிப் பயணிக்க முடியாத கை, கால் குறைபாடு, முழுப் பார்வையின்மை, அறிவுசார் குறைபாடு ஆகியவற்றுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதச் சலுகை. துணையாளருக்கும் அதே சலுகை உண்டு. இந்த அட்டையிலும் செல்லுபடித் தேதியைப் பாருங்க.

பார்க்கிங் அட்டை உண்டா?

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றமே ‘ப்ளூ பேட்ஜ்’ என்ற பார்க்கிங் அட்டை தருகிறது. அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். நம்ம பேரூராட்சி அப்படி அட்டை எதுவும் தர்றதில்லை. இங்கே வண்டியின் ஆர்.சி. புத்தகம்தான் முக்கியம். 2020 அக்டோபரில் மத்திய அரசு செய்த திருத்தத்தின்படி, பதிவுப் படிவத்தில் உரிமையாளர் வகையை ‘திவ்யாங்ஜன்’ என்று குறிப்பிடலாம். வாகனச் சலுகைகள் கேட்கும்போது இது கைகொடுக்கும். சக்கர நாற்காலிப் படம் போட்ட இடத்தில் நிறுத்தும்போது யாராவது கேட்டால் காட்ட, யுடிஐடி நகல் ஒன்றை வண்டியில் வைங்க.

காலண்டரில் குறிச்சுக்கோங்க

ஜனவரி: சான்றிதழ் தேதியைப் பாருங்க. தற்காலிகம் என்றால் உடனே விண்ணப்பியுங்க. மருத்துவப் பரிசோதனைக்கு நேரம் பிடிக்கும்.

பிப்ரவரி: மருத்துவமனை, பள்ளி அல்லது வேலை இடத்தில் சான்று வாங்குங்க.

மார்ச்: பாஸுக்கு விண்ணப்பியுங்க. விண்ணப்ப எண்ணை போனில் படம் எடுத்து வைங்க.

தாமதமானாலோ பதில் வரலைன்னாலோ முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்கு அழைத்து, விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதிவு செய்யுங்க.