பெட்டி மேல ஒரு கணக்கு, பெட்டிக்குள்ள ஒரு கணக்கு!

(மூன்றாமாண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் கவிதை, விடுகதை, கடி ஜோக், கடைசிப் பக்கத்தில் ஆசிரியர்களுக்கு நன்றி என்று போவதுதான் வழக்கம். "இந்தத் தடவை உன் டிபார்ட்மெண்ட் சார்பா உருப்படியா ஒரு பாடம் எழுதுடா" என்று மலர்க்குழு நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். பாடம் என்றதும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க! இது செமஸ்டருக்கு வராது. ஆனால் கடைக்குப் போனால் கட்டாயம் வரும்.

முதல் வருஷத்தில் நாம் என்ன படித்தோம்? வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வாட்டை மணியால் பெருக்கினால் வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். அவ்வளவுதான். இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டே கடைவீதியில் விற்கும் பல சாமான்களின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. ஆயிரம் வாட் ஸ்பீக்கர்

உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஸ்பீக்கர். பெட்டியில் கொட்டை எழுத்தில் "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று இருக்கும். பெட்டியைத் திருப்பி அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருக்கும். பெருக்கினால் 24 வாட். உள்ளே போவதே 24 வாட் என்றால் வெளியே தொடர்ந்து ஆயிரம் வாட் எப்படி வரும்? ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோமே!

பி.எம்.பி.ஓ. என்பது கண் சிமிட்டும் நேரத்துக்கு வரக்கூடிய உச்ச அளவு என்று சொல்லிக்கொள்ளும் ஓர் எண். அதை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட தர விதி எதுவும் கிடையாது. ஆளுக்கொரு கணக்கு, கம்பெனிக்கொரு எண். நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது விடாமல் தொடர்ந்து தரக்கூடிய அளவு. அமெரிக்காவில் இந்தக் கூத்து தாங்காமல், ஆம்ப்ளிஃபயரின் பவரை இப்படித்தான் அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று 1974-லேயே விதி கொண்டு வந்தார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். நம் காது கணக்குப் போடும் விதமே வேறு. பவரைப் பத்து மடங்கு கூட்டினால் பத்து டெசிபெல் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தெரியும். நிஜமாகவே ஆயிரம் வாட் கொடுத்தாலும் அது நூறு வாட்டைப் போல் பத்து மடங்கு சத்தமாகக் கேட்காது.

2. பவர் பேங்க்

"10,000 எம்.ஏ.எச். உங்க 5,000 எம்.ஏ.எச். போனை ரெண்டு தடவை ஃபுல் பண்ணலாம்" என்பார் கடைக்காரர். வாய்க்கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு. செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். 10 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட்-மணி. அதை 5-ஆல் வகுத்தால் 7,400 எம்.ஏ.எச். வோல்ட்டேஜை ஏற்றும் சர்க்யூட்டில் சூடாகப் போவது பத்து, பதினைந்து சதவீதம். மிச்சம் கிடைப்பது 6,300-இலிருந்து 6,650 வரை. போன் பேட்டரி சுமார் 19 வாட்-மணி. ஆகவே ஒன்றரைத் தடவை ஏறினால் நல்ல சரக்கு என்று அர்த்தம்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஒழுங்கான கம்பெனிகள் பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் "ரேட்டட் கப்பாசிட்டி" என்று இந்தக் குறைந்த எண்ணையும் போட்டிருப்பார்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. உண்மையைப் பின்பக்கம் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்!

3. காணாமல் போன ஜி.பி.

64 ஜி.பி. பென்-டிரைவ் வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டால் 59.6 என்று காட்டும். "நாலு ஜி.பி.யை எவனோ அடிச்சுட்டான்" என்று நம் விடுதியில் ஒருவன் புலம்பிக்கொண்டே இருந்தான். கம்பெனிக்காரன் ஒரு ஜி.பி. என்றால் நூறு கோடி பைட் என்று வைத்துக்கொள்கிறான். விண்டோஸோ 1024-ஐ மூன்று தடவை பெருக்கி எண்ணுகிறது. படியே வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1998-இல் கிபி, மெபி, கிபி-பைட் என்று தனிப் பெயர்கள் வைத்தார்கள். கடைத்தெருவில் யாரும் சீந்தவில்லை.

இன்டர்நெட்டிலும் இதே கதைதான். "100 எம்.பி.பி.எஸ். வேகம்" என்றால் அது மெகா பிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 மெகா பைட்டுக்கு மேல் இறங்காது. அதோடு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி "வரை" ஒட்டிக்கொண்டிருக்கும். "100 வரை" என்றால் பத்தும் அதில் அடக்கம் என்பதை மறக்கவேண்டாம்.

4. நட்சத்திரம் பார்த்து வாங்குங்கள்

எல்லா லேபிளும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. பி.இ.இ. என்ற மத்திய அமைப்பு 2006 முதல் நடத்தும் நட்சத்திர லேபிள் உண்மையிலேயே உபயோகமானது. ஆனால் அதையும் படிக்கத் தெரிய வேண்டும். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் புது அளவுகோலில் மூன்றாகக்கூட இறங்கிவிடும். அதனால் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல், லேபிளில் உள்ள ஆண்டையும், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணையும் பாருங்கள்.

சீலிங் ஃபேனுக்கு இந்த லேபிள் 2023 ஜனவரியில் கட்டாயமானது. சாதா ஃபேன் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். வித்தியாசம் 45 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 197 யூனிட் மிச்சம். கூடுதல் விலை எத்தனை வருஷத்தில் திரும்பும் என்பதை உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லைப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு வீட்டுப்பாடம்!

5. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: இங்கே விளையாட்டு கிடையாது

இதுவரை சொன்னதில் போவது காசு மட்டும்தான். இனிமேல் சொல்லப்போவதில் உயிரும் போகும்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். அம்மா அஞ்சாவதோடு நின்றவர். போன வருஷம் அம்மா சந்தையில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வந்தார். ஒரு நாள் களைவெட்டுக் கூலியில் பாதி அதற்கே போயிற்று. "யக்கா, இது கம்பெனி மாலு. அயர்ன் பாக்ஸு, ஹீட்டரு எல்லாம் தாங்கும்" என்று சொல்லி விற்றிருக்கிறார் அந்த ஆள். பாக்ஸின் மேலேயும் 16 ஆம்பியர் என்று அச்சு இருந்தது. மூன்றாவது வாரம், தங்கச்சி யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் உருகிப் புகை வந்தது. நல்லவேளை, அம்மா ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணிவிட்டார். மறுவாரம் திரும்பக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, "நீங்க ஓவர் லோடு குடுத்துட்டீங்க. கரண்டு சாமானுக்கு கேரண்டி கிடையாதுக்கா" என்று பதில் வந்தது. பில்லும் கிடையாது.

லீவுக்குப் போனபோது அதைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பித்தளை இருக்க வேண்டிய இடத்தில் முலாம் பூசிய இரும்புத் தகடு. காந்தத்தை வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. வயரில் தலைமுடி மாதிரி சில இழைகள். அதைவிட மோசம், வந்த வயரே இரண்டு கோர்தான். மூன்றாவது ஓட்டை சும்மா கண்காட்சிக்கு! எர்த் என்று ஒன்றுக்கு இணைப்பே இல்லை. இரும்பு உடம்புள்ள அயர்ன் பாக்ஸில் கசிவு வந்திருந்தால் கரண்ட் தங்கச்சி வழியாகத்தான் தரைக்குப் போயிருக்கும்.

ஏன் உருகுகிறது? கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். சூடு என்பது கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கி வருவது. லூஸ் கான்டாக்ட்டில் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 5.5 ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் 6 வாட் சூடு. இரட்டிப்பாக்கி 11 ஆம்பியர் ஓடினால் 12 வாட் அல்ல, 24 வாட்! லேபில் நாம் பிடிக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதாவது பாக்ஸுக்குள்ளே ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்ததற்குச் சமம். 11 ஆம்பியர் எப்போது வரும் என்கிறீர்களா? 1,500 வாட் கெட்டிலும் 1,000 வாட் அயர்ன் பாக்ஸும் சேர்ந்தால் 2,500-ஐ 230-ஆல் வகுங்கள். வந்துவிட்டதா?

ஆகவே வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன்கீழ் சி.எம்./எல். எண்ணும் இருக்கிறதா? பவர் பேங்க், அடாப்டர் போன்றவற்றில் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா? இந்த எண்களை பி.ஐ.எஸ். கேர் என்ற மொபைல் ஆப்பில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். வயர் மூன்று கோரா? வாட்டர் ஹீட்டர், கெட்டில் ஆகியவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே செருகாதீர்கள். நேராகச் சுவரிலுள்ள பெரிய சாக்கெட்தான்.

6. "வட்டியே இல்லை சார்!"

தவணைக் கடையையும் விடக்கூடாது. வட்டி பூஜ்யம் என்பதே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. வட்டி எங்காவது விலையிலோ, பிராசஸிங் கட்டணத்திலோ, கொடுக்காமல் விட்ட தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும். "வெறும் 12 சதவீதம்" என்றாலும் எச்சரிக்கை! 12,000 ரூபாய்க்கு 1,440 வட்டி போட்டு மாதம் 1,120 வீதம் 12 மாதம் கட்டச் சொல்வார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போகிறது, வட்டி மட்டும் முழு அசலுக்கும் போட்டபடியே நிற்கிறது. உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கும் மேல்.

7. சாமான் மட்டும்தானா? மனுஷனும்தான்!

விடுதியில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பழைய வயரில் நாலைந்து இழையை முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள் சில புண்ணியவான்கள். இனிமேல் ஃபியூஸ் போகாது, உண்மைதான். அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் வயர் போகும். ஒருத்தன் ரூமில் நூடுல்ஸ் கொதிக்க, மேல் மாடியில் தூங்குகிறவன் ஏன் சாக வேண்டும்?

பஸ்ஸில் போனை ஸ்பீக்கரில் அலறவிடுகிறவரும் நம் கூட்டாளிதான். அவர் காதுக்குள் போக வேண்டியதை அறுபது பேர் காதில் ஊற்றுகிறார். பரீட்சை சமயத்தில் தெருவில் ஒலிபெருக்கி கட்டினால், "சாமி காரியம், யாரைக் கேக்குறது?" என்று பயந்துகொண்டு இருக்கிறோம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விசேஷ நாட்களுக்கு அரசு தரும் தளர்வு தனி. குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இதைச் சொல்லிக் கேட்பது சாமி குத்தம் ஆகாது.

8. கேட்டால் கிடைக்கும்

1986-இல் வந்த நுகர்வோர் சட்டத்துக்குப் பதிலாக 2019-இன் புதுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். விளம்பரத்தில் சிரிக்கிற நட்சத்திரமும் தப்ப முடியாது. நாம் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் படி ஒன்று உண்டு: பில்! "பில் போட்டா வரி சேரும், வேணாம்ணே" என்பவரிடம் சிரித்துக்கொண்டே பில் கேளுங்கள். எங்கள் அம்மா இப்போது கொத்தமல்லிக்கட்டு தவிர எல்லாவற்றுக்கும் பில் கேட்கிறார்!

நிறைவாக

நம்மில் பல பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. புதுச் சாமான் எது வந்தாலும் "நீதான் கரண்டு படிக்கிறியே, பாத்துச் சொல்லுடா" என்று பெட்டியை நம் கையில் கொடுப்பார்கள். எல்லாம் சரியாத்தான் இருக்கும் என்று திருப்பிக் கொடுக்காமல், உட்கார்ந்து பெருக்கிப் பாருங்கள். இந்தப் பொங்கல் லீவில் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களுக்குக் காந்தம் வைத்துப் பாருங்கள். எர்த் வருகிறதா என்று சீரீஸ் லேம்ப் பிடிக்கத் தெரிந்த சீனியரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. அடுத்த வருஷம் நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகவோ, சேல்ஸிலோ, சர்வீஸிலோ இருப்போம். பெட்டியின் மேல் என்ன எண் போடுவது என்று கேட்கும் மேஜைக்கு இந்தப் பக்கம் நாமும் நிற்க நேரலாம். அன்றைக்கு அந்தப் பெட்டியை ஏதோ ஒரு சந்தையில், பாதி நாள் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வாங்குவார் என்பது ஞாபகம் இருக்கட்டும்.